கரை ஒதுங்கிய பாசிலியோ

அந்தக் காலத்தில் சிசிலித் தீவின் கரையோர ஊர் ஒன்றை ஒரு பிரபு ஆண்டான். ஆண்டான் என்பதைவிடத் தின்றான் என்பதே சரி. கடல் எதைக் கரையில் ஒதுக்கினாலும் அது பிரபுவுக்குத்தான் சொந்தமாம். அவன் போட்ட சட்டம்.

ஒருநாள் புயலில் மீனவன் பாசிலியோவின் படகு கவிழ்ந்து கரை ஒதுங்கியது. அவன் பிழைப்புக்கு இருந்ததே அது ஒன்றுதான். பிரபு பிடுங்கிக்கொண்டான்.

பாசிலியோ மீன் நாற்றத்தோடு நேராக மாளிகைக்குள் போய், விருந்து மேசையில் உட்கார்ந்தான்.

"யார்றா நீ?" என்றான் பிரபு.

"அதே அலையில கரை ஒதுங்கினவன்தான், பிரபுவே. இனி நானும் உங்க சொத்து. சோறு போடுங்க. படகுல என் மாமியாரும் இருந்தாங்க, சாயங்காலம் வந்துடுவாங்க."

பிரபுவின் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள்.

"இவனையும் அந்தப் படகையும் கடல்லயே தள்ளித் தொலைங்கடா!" என்று பிரபு கத்தினான்.

காவலர்கள் மூச்சு வாங்கத் தள்ளினார்கள். பாசிலியோ படகில் உட்கார்ந்தபடி, "இன்னும் கொஞ்சம் ஆழத்துக்குத் தள்ளுங்கப்பா" என்றான்.