கரடிகள் அருவி பார்க்கப் போன கதை

காக்கைப்பாறைக் காட்டின் அடிவாரத்தில் ஒரு கரடிக் குடும்பம் வாழ்ந்து வந்தது. அப்பா கரடியின் பெயர் சடையன். அம்மா கரடி மலைச்சி. மகன் பொரி எந்நேரமும் துள்ளிக்கொண்டே இருப்பான். மகள் கடுகு எதையாவது பார்த்துவிட்டால் அங்கேயே நின்றுவிடுவாள்.

அந்தக் காட்டின் மேலே எங்கோ ஒரு பெரிய அருவி இருப்பதாக எல்லோரும் சொல்வார்கள். அதைப் பார்க்க வேண்டும் என்று மலைச்சிக்கு வெகுநாள் ஆசை.

"அருவி எங்கே ஓடிப் போகப்போகுது? அடுத்த வருஷம் பார்க்கலாம்!" என்பான் சடையன். சொல்லிவிட்டுக் கரையான் புற்றைத் தோண்டப் போய்விடுவான்.

ஒருநாள் பக்கத்துப் புதரில் குடியிருந்த காட்டுப்பன்றி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தது.

"சடையா! நேத்து நாங்க குடும்பத்தோட ஊர் சுத்திப் பார்த்தோம். ஒரே நாளில் அஞ்சாறு குளம்! நீ புற்றைத் தவிர வேற என்னத்தைப் பார்த்திருக்கே?"

சடையனுக்குக் காது வரை சூடேறியது. "மலைச்சி, கிளம்பு! நாளைக்குக் காலையிலேயே அருவிக்குப் போறோம்! வழியில் இருக்கிற எல்லாத்தையும் பார்த்துடுறோம்!"

மலைச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தேனடைகளையும் பலாச்சுளைகளையும் தேக்கிலையில் வைத்துக் கட்டினாள். விடிந்ததும் நால்வரும் புறப்பட்டார்கள்.

காட்டுப் பாதையில் ஒரு நரி உட்கார்ந்திருந்தது. அதன் பெயர் பட்டுவாலன். தேன் வாசனை மூக்கில் ஏறியதும் அவன் எழுந்து ஓடி வந்தான்.

"வணக்கம் அண்ணே! வணக்கம் அண்ணி! குடும்பத்தோட எங்கே பயணம்?"

"அருவிக்கு" என்றான் சடையன்.

"வழி தெரியுமா?"

சடையன் தலையைச் சொறிந்தான். "மேலே... எங்கேயோ..."

"ஐயையோ! சின்னப் பிள்ளைகளை வச்சுக்கிட்டு இப்படியா கிளம்புவீங்க? நான் கூட்டிட்டுப் போறேன். அருவிக்கு முன்னாடி பார்க்க வேண்டிய குளங்களே நிறைய இருக்கு. காட்டுப்பன்றி அண்ணனுக்கு எல்லாத்தையும் காட்டினது நான்தான்!"

சடையனின் கண்கள் விரிந்தன. "அவனுக்குக் காட்டினதைவிட எங்களுக்கு ஒரு குளம் கூடுதலா காட்டணும்!"

"ஒண்ணு என்ன, ரெண்டாவே காட்டுறேன்!" என்றான் பட்டுவாலன்.

கொஞ்ச நேரத்தில் அல்லி பூத்த ஒரு குளம் வந்தது.

"இதுதான் ராணிக்குளம்! அந்தக் காலத்தில் யானை ராணி குளிச்ச இடம்! இங்கே ஒரு வழக்கம் உண்டு. குளத்துத் தேவதைக்கு ஒரு தேனடை படைக்கணும். கொடுங்க, நான் வச்சுட்டு வர்றேன்."

தேனடையை வாங்கிக்கொண்டு அவன் பாறைக்குப் பின்னால் போனான். உதட்டை நக்கிக்கொண்டே திரும்பி வந்தான். "தேவதைக்கு ரொம்பத் திருப்தி!"

"உங்க மீசையில என்ன, தேனா?" என்று கேட்டான் பொரி.

"தேவதை என்னைக் கொஞ்சினாங்க தம்பி. அப்போ ஒட்டியிருக்கும்! பார்த்தாச்சா? நடங்க, நடங்க!"

"நட, நட!" என்று சடையனும் பிள்ளைகளை விரட்டினான்.

பட்டுவாலன் அவர்களை முட்புதருக்குள் நுழைத்தான். ஒரு பெரிய பாறையைச் சுற்ற வைத்தான். மேட்டில் ஏற்றி இறக்கினான். எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. கடைசியில் கோரைப்புல் அடர்ந்த ஒரு கரைக்கு வந்து சேர்ந்தார்கள்.

"இதோ, வானவில் ஏரி!"

"ரெண்டாவது குளமும் ஆச்சு!" என்று குதித்தான் சடையன்.

மலைச்சி சுற்றிலும் பார்த்தாள். "முன்னாடி பார்த்த குளம் மாதிரியே இருக்கே?"

"எந்தக் குளத்திலும் தண்ணிதானே அண்ணி இருக்கும்! எங்கே, தேவதைக்கு ஒரு தேனடை?"

கரையில் இருந்த தவளை ஒன்று அவர்களை ஏற இறங்கப் பார்த்தது. தேவதையின் பங்கு பட்டுவாலனின் வயிற்றுக்குள் போனதும் மறுபடியும் ஓட்டம் தொடங்கியது. முட்புதர், பாறை, மேடு!

பாதி வழியில் மலைச்சி சட்டென்று நின்றாள்.

"கடுகு எங்கே?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடுகைக் காணவில்லை.

"கடுகு! கடுகு!" என்று கத்தினான் சடையன். பதில் இல்லை. அது சிறுத்தைகள் நடமாடும் காடு.

"பயப்படாதீங்க அண்ணே" என்றான் பட்டுவாலன். "ஏரிக்கரையில நின்னிருக்கும். திரும்பி வரும்போது கூட்டிக்கலாம். இப்போ அது ரொம்பத் தூரம். ரெண்டு மலை தாண்டி வந்துட்டோமே!"

"என் பிள்ளையை விட்டுட்டு எனக்கு எந்தக் குளமும் வேண்டாம், அருவியும் வேண்டாம்!" என்று உறுமினாள் மலைச்சி.

அவள் பாதையைத் தேடவில்லை. முட்புதரை நேராகக் கிழித்துக்கொண்டு பாய்ந்தாள். சடையனும் பொரியும் பின்னால் ஓடினார்கள். "அந்தப் பக்கம் வேண்டாம் அண்ணி! வேண்டாம்!" என்று அலறிக்கொண்டே பட்டுவாலனும் ஓடினான்.

புதர் உடனே முடிந்துவிட்டது. எதிரே குளம். கரையில் கோரைப்புல்லைப் பார்த்தபடி கடுகு உட்கார்ந்திருந்தாள். மலைச்சி அவளை வாரி அணைத்துக்கொண்டாள்.

பட்டுவாலன் ஓடி வந்து முன்னால் நின்றான். "பார்த்தீங்களா! பாப்பா நமக்கு முன்னாடியே அடுத்த இடத்துக்கு வந்துடுச்சு! இதுதான் வெள்ளித் தடாகம்!"

"நான் எங்கேயும் போகலையே! இங்கேயேதான் இருக்கேன்" என்றாள் கடுகு.

தவளைக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "வெள்ளித் தடாகமாவது, தங்கத் தடாகமாவது! இருக்கிறது ஒரே குளம்! முந்தாநாள்கூட இந்த நரி ஒரு பன்றிக் குடும்பத்தை இதையே சுத்திச் சுத்தி வர வச்சான். அதுங்களும் ஒவ்வொரு தடவையும் 'அடடா, புதுக் குளம்!'னு கைதட்டிட்டுப் போச்சுங்க!"

சடையன் கரைச் சேற்றைப் பார்த்தான். பெரிய கரடித் தடம் ஒன்று பதிந்திருந்தது. அதன் மேல் தன் பாதத்தை வைத்துப் பார்த்தான். அச்சாகப் பொருந்தியது.

அடுத்த நொடி பட்டுவாலனின் வால் சடையனின் கையில் இருந்தது.

"அடேய்! அருவிக்கு வழியாவது தெரியுமா?"

"தெரியாது அண்ணே! நான் அருவியைப் பார்த்ததே இல்லை! மேலே ஏறணுமே, கால் வலிக்குமே!"

சடையன் அவனைக் குளத்தில் வீசக் கையை ஓங்கினான். மலைச்சி தடுத்தாள். "அவன் ஏமாத்தினான், சரி. பிள்ளை பின்னாடி வர்றாளான்னுகூடப் பார்க்காம 'நட, நட'ன்னு விரட்டினது யாரு?"

சடையனின் கை தானாக இறங்கியது. அவன் கடுகின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"கண்ணு, அப்பாவுக்கு உயிரே போயிடுச்சு. அப்படி என்னத்தைப் பார்த்துட்டு இருந்தே?"

"சத்தம் போடாதீங்கப்பா. இதோ!"

ஒரு கோரைத்தண்டில் காய்ந்த கூடு போல ஏதோ ஒட்டியிருந்தது. அதன் முதுகைப் பிளந்துகொண்டு ஒரு தட்டான் வெளியே வந்திருந்தது. கசங்கிக் கிடந்த அதன் இறக்கைகள் மெல்ல மெல்ல விரிந்தன. வெயில் பட்டுக் கண்ணாடி போல மின்னின. பொரிகூடத் துள்ளாமல் நின்றான். பட்டுவாலனும் வாயை மூடிக்கொண்டு பார்த்தான். தட்டான் ஒருமுறை சிலிர்த்தது. பிறகு விர்ரென்று பறந்தது!

யாரும் பேசவில்லை. அந்த அமைதியில் மேலேயிருந்து 'ஓ' என்று ஓர் இரைச்சல் கேட்டது.

"அது என்ன சத்தம்?" என்று காதைத் தீட்டினாள் மலைச்சி.

"அருவிதான்!" என்றது தவளை. "எப்பவும் கேட்கும். நீங்க வாயை மூடினாத்தானே காதில் விழும்! குளத்தில் வந்து விழுற ஓடையைப் பிடிச்சுக்கிட்டே மேலே போங்க."

"நீயும் வா!" என்று பட்டுவாலனைப் பிடித்து இழுத்தான் சடையன். "பொரிக்குக் கால் வலிச்சா நீதான் சுமக்கணும்!"

பொரிக்கு உடனே கால் வலித்தது.

ஓடையோரமாக ஏறினார்கள். பாறைகள் வழுக்கின. பட்டுவாலனின் மூக்கில் ஓர் அட்டை ஒட்டிக்கொண்டது. "தேவதை கொஞ்சுதா மாமா?" என்று முதுகில் இருந்தபடி கேட்டான் பொரி. வழியில் கடுகு நின்ற இடங்களில் எல்லாம் சடையனும் நின்றான். ஒரு மலை அணில் தாவுவதைப் பார்த்தான். நீலக் காளானைப் பார்த்தான். தான் பிறந்து வளர்ந்த காட்டில் இவையெல்லாம் இருந்தது அவனுக்கு இத்தனை நாள் தெரியாது.

ஒரு பாறையைச் சுற்றித் திரும்பினார்கள். முகத்தில் சாரல் அடித்தது.

வானத்தில் இருந்து கொட்டுவது போல அருவி விழுந்துகொண்டிருந்தது. "இவ்வளவு பெரிசா!" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான் பட்டுவாலன்.  மலைச்சி நேராகப் போய் அருவிக்கடியில் நின்றாள். தண்ணீர் தலையில் மோதியதும் குட்டியைப் போலக் கெக்கெக்கென்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து சடையன் பார்த்ததே இல்லை. இந்தச் சிரிப்பையா வருஷா வருஷம் தள்ளிப் போட்டேன் என்று அவன் தன்னையே நொந்துகொண்டான். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அவனும் அருவிக்குள் போனான். போகிற போக்கில் பட்டுவாலனையும் வாலைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டான்!

எத்தனை இடம் பார்த்தோம் என்று எண்ணிக்கொண்டே ஓடுகிறவர் எதையும் பார்ப்பதில்லை. கூட வருகிறவர்களோடு நின்று பார்க்கிறவருக்கே ஊர் தன்னைக் காட்டும்.