கரட்டு மேட்டில் ஒரு குடியிருப்பு

ஆற்றங்கரைக் காட்டில் செம்பி என்றொரு முயல் இருந்தது. அந்த ஆண்டு பெய்த அடைமழையில் ஆறு கரை மீறி, கரையோர எலி வளைகளை எல்லாம் வாரிக்கொண்டு போயிற்று. எலிகள் குஞ்சு குளுவான்களோடு காட்டுக்குள் வந்து நடுங்கிக்கொண்டு நின்றன.

காட்டின் தலைவர் கூரன் என்ற முள்ளம்பன்றி. "குளத்தோரப் புல்வெளியைத் தோண்டுங்கள். மண் மெத்தென்று இருக்கிறது" என்றது.

செம்பி குறுக்கிட்டது. "ஐயா, கோடையில் காடே காய்ந்தாலும் பச்சை நிற்பது அங்கேதான். அதைத் தோண்டினால் மண் சரிந்து குளமும் தூர்ந்துபோகும். அப்புறம் எதைத் தின்போம்?"

நாச்சி என்ற தாய் எலிக்குக் கோபம் வந்தது. "கோடை வரும்போது வரட்டும். இன்றைக்கு என் பிள்ளைகளை எங்கே படுக்கவைப்பேன்? உனக்குப் புதர் இருக்கிறது, பேசுகிறாய்."

செம்பிக்குச் சுருக்கென்றது. வேண்டாம் என்றால் மட்டும் போதுமா? வேறு இடம் காட்ட வேண்டாமா?

"பிள்ளைகளை என் புதரில் விடு, அக்கா. நான் கரட்டு மேட்டில் இடம் பார்க்கிறேன்."

"அங்கே கல்லும் முள்ளும்தான்" என்றது கூரன். "சாயங்காலம் வரை பொறுப்பேன். அப்புறம் புல்வெளிதான்."

செம்பி மேட்டில் ஏறித் தோண்டியது. கல் தட்டியது. இடம் மாற்றித் தோண்டியது. அங்கேயும் கல். நகம் பிய்ந்து ரத்தம் கசிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

பின்னாலேயே வந்த நாச்சி அதைப் பார்த்தது. அதன் கோபம் இறங்கிவிட்டது.

"தள்ளு, உனக்குத் தோண்டவே தெரியவில்லை. கல்லோடு ஏன் மல்லுக்கட்டுகிறாய்? அதற்கு அடியில் புகுந்து போக வேண்டும்."

கல்லுக்கு அடியில் பக்கவாட்டில் பறித்தது நாச்சி. உள்ளே இளகிய செம்மண்! மேலே பாறையே கூரையாக நின்றது. செய்தி கேட்டு மற்ற எலிகளும் ஓடிவந்தன. அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. மேட்டில் ஒரு சொட்டுகூடத் தங்கவில்லை. வளைக்குள் ஈரமே இல்லை.

பார்க்க வந்த கூரன் வளைக்குள் தலையை நீட்டி, காய்ந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தது. பிறகு, "அந்தப் பெரிய கல்லை நான் புரட்டுகிறேன். எல்லாரும் தள்ளி நில்லுங்கள்" என்று நகத்தை ஊன்றியது.

கோடை வந்தது. காடு கருகியது; குளத்தோரப் புல்வெளி மட்டும் பச்சையாக நின்றது. மேட்டிலிருந்து இறங்கிய நாச்சியின் பிள்ளைகள், செம்பிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து புல்விதை கொறித்தன.

குடியிருக்க வீடும் வேண்டும், பிழைத்திருக்கப் பசுமையும் வேண்டும்; பாடுபட்டு இடம் தேடுபவர்க்கு இரண்டும் கிட்டும்.