மூடி கழற்றாத மீட்டர்

தவமணிக்கு நாற்பத்திரண்டு வயது. மோட்டார்களுக்குக் கம்பிச்சுருள் கட்டும் பட்டறை ஒன்றை நடத்திவந்தார். அவரிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்த நல்லசிவமோ அறுபதைத் தாண்டியவர்; முப்பத்தோராண்டுகள் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாணவர் ஆசிரியரை "டீச்சர்" என்று அழைத்தார். ஆசிரியர் மாணவரை "சார்" என்று அழைத்தார்.

ஒரு புதன்கிழமை நல்லசிவம் வந்து, உட்காராமல் நின்றார்.

"என்னங்க சார்?"

"ஒரு கேள்வி, டீச்சர். கணக்குச் சரியா இருந்தும் விடை தப்பாகுமா?"

"எந்தக் கணக்கு?"

அவர் குறிப்பேட்டைத் திறந்து மேசைமேல் வைத்தார். சென்ற மாதத் தேதி. பூங்கோதை வீட்டுக் குஞ்சு பொரிக்கும் பெட்டி. மின்னழுத்தம் 230 வோல்ட். மின்னோட்டம் 2 ஆம்பியர். எனவே மின்தடை 115 ஓம், மின்திறன் 460 வாட். விடையின் அடியில் இரட்டைக் கோடு.

தவமணி விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் பார்த்தார். "வகுத்ததும் சரி. பெருக்கினதும் சரி. அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"பெட்டியில சூடு போதலைன்னு கூப்பிட்டாங்க. ஹீட்டர் நல்லாத்தான் இருக்கு, நீங்க கதவை அடிக்கடி திறந்து பார்க்கிறீங்க, அதனாலதான் சூடு நிக்கலைன்னு சொன்னேன்."

"அதுக்கு அவங்க?"

"திறக்கவே இல்லைங்க சார்னாங்க. பக்கத்துல மாமியார் இருந்தாங்க. 'எம் பையனுக்கே கணக்குச் சொல்லிக் குடுத்தவரு, அவரு சொன்னாத் தப்பா இருக்குமா? இவ கைதான் சும்மா இருக்காதுங்களே'ன்னு சிரிச்சாங்க."

நல்லசிவம் குறிப்பேட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

"நானும் சிரிச்சேன்."

வைத்த முட்டைகள் நூற்றிருபது. பொரித்தவை ஒன்பது. பூங்கோதை மூன்று ஆண்டுகள் துணி தைத்து வாங்கிய பெட்டி அது. வரும் ஞாயிற்றுக்கிழமை அதை விற்றுவிடுவதென்று வீட்டில் முடிவாகியிருந்தது.

"உங்க பையைக் கொடுங்க சார்."

தவமணி பையிலிருந்து வோல்ட்டும் ஆம்பியரும் அளக்கும் மீட்டரை எடுத்தார். வாங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. சிவப்புக் கம்பியின் முனையிலும் கறுப்புக் கம்பியின் முனையிலும் கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் மூடிகள் அப்படியே இருந்தன. அவர் ஒன்றைக் கழற்றி 230 என்ற எண்ணின் மீது வைத்தார். மற்றதைக் கழற்றி 2 என்ற எண்ணின் மீது வைத்தார்.

நல்லசிவத்தின் காதுகள் சிவந்தன.

"ஹீட்டர்ல ஒட்டியிருந்த தகட்டுல 230 வோல்ட், 460 வாட்னு போட்டிருந்தது," என்றார். "460ஐ 230ஆல வகுத்தேன். 2 ஆம்பியர் வந்தது."

"அந்த ரெண்டையும் மறுபடி பெருக்கினீங்க."

"ஆமாம்."

"தகடு சொன்னதைத் தகட்டுக்கே திருப்பிச் சொல்லிட்டு வந்திருக்கீங்க."

"கேள்வித்தாள்ல 'கொடுக்கப்பட்டவை'ன்னு இருக்கும், டீச்சர். அதை நாங்க சந்தேகப்படுறதே இல்லை."

தவமணி மீட்டரை அவர் கையில் கொடுத்தார். "போயிட்டு வாங்க. தோட்டத்து மோட்டாரெல்லாம் ஓடுற நேரமாப் போங்க."

மறுநாள் மாலை நல்லசிவம் திரும்பி வந்தார். குறிப்பேட்டில் புதிய பக்கம். 184 வோல்ட். 1.6 ஆம்பியர். தடை 115 ஓம். திறன் 294.4 வாட். இம்முறை விடையின் அடியில் கோடு இல்லை.

"லைன்ல கடைசி வீடு அது. மோட்டார் ஓட ஆரம்பிச்சா வோல்ட் இறங்கிடுது. தடை மாறவே இல்லை, அதனால ஹீட்டர் மேல குத்தமில்லை. கதவு மேலயும் இல்லை. 460 வாட் வர வேண்டிய இடத்துல முந்நூறுகூட வரலை. என் வீட்டு ஸ்டெபிலைசரைக் கொண்டுபோய் வெச்சேன். இப்போ முப்பத்தேழரை டிகிரியில நிக்குது."

"பூங்கோதை என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. டீ போட்டுக் கொடுத்தாங்க." அவர் தலை குனிந்திருந்தது. "அதைத்தான் குடிக்க முடியலை."

"மன்னிப்புக் கேட்டீங்களா?"

"கேட்டேன். வாசல்ல, வண்டியை எடுக்கும்போது. மெதுவா."

"மாமியார்?"

"உள்ளே டிவி பார்த்துக்கிட்டிருந்தாங்க. 'பொட்டி சரியானா ஆச்சுங்களா, இவ கை சரியாகோணுமே! ஞாயித்துக்கிழமை பொட்டியை எடுக்க ஆள் வர்றாங்க சார்'னு அங்கிருந்தே சொன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

நல்லசிவம் மீட்டரைப் பையில் வைத்தார்.

"தலையாட்டிட்டு வந்துட்டேன், டீச்சர்."

பிறகு குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டி, இரட்டைக் கோடு போட்ட பழைய பக்கத்தை விரல்களுக்கிடையே பிடித்தார்.

"இதைப் பார்க்கவே கூசுது. கிழிச்சுடட்டுமா?"

மேசையின் ஓரத்தில் அந்த இரண்டு மூடிகளும் முதல் நாளிலிருந்தே கிடந்தன. தவமணி அவற்றை எடுத்து அந்தப் பக்கத்தின் மடிப்புக்குள் வைத்தார். குறிப்பேட்டை மூடி அவரிடம் நீட்டினார்.

"வேண்டாங்க சார். ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி அந்த மாமியார்கிட்டச் சத்தமா வாசிச்சுக் காட்ட இது வேணும்."