ஆட்காட்டி வாயை மூடிய கதை

அந்தக் காட்டில் எல்லாருக்கும் தண்ணீரைக் கண்டால் பயம்.

தண்ணீர் என்ன செய்யும் என்று கேட்காதீர்கள். அந்தக் கோடையில் ஓடை வற்றிவிட்டது, மலையடிச் சுனையும் வற்றிவிட்டது. நாவல் மரங்களுக்கு நடுவில் இருந்த ஒரே குளத்தில்தான் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது. குளத்தின் ஒரு பக்கம் நாணல் அடர்ந்து கிடந்தது. அந்த நாணலுக்குள் ஒரு சிறுத்தை வந்து குடியேறியிருந்தது.

சிறுத்தை இரையைத் தேடி எங்கும் அலையவில்லை. தாகம் எடுத்தால் எல்லாரும் இங்கேதானே வந்தாக வேண்டும்? அது பாட்டுக்குப் படுத்திருந்தது. சாயங்காலம் தண்ணீர் குடிக்கப் போகிறவர்களில் யாராவது ஒருவர் திரும்பி வருவதில்லை.

மருதி என்று ஒரு புள்ளிமான் இருந்தது. அதற்கு ஒரே ஒரு குட்டி. தாய்க்குத் தண்ணீர் இல்லாததால் மடியில் பால் வற்றிவிட்டது. குட்டியின் மூக்கு காய்ந்து வெடித்துவிட்டது. இரண்டொரு நாளில் தண்ணீர் காட்டாவிட்டால் குட்டி பிழைக்காது. தண்ணீர் காட்டக் கூட்டிக்கொண்டு போனாலும் பிழைக்குமா என்று தெரியாது. மருதி புதருக்குள் நின்று குளம் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருக்கும்.

குளத்தங்கரையில் கூழாங்கற்கள் கிடந்த பக்கத்தில் ஓர் ஆட்காட்டிக் குருவி வசித்தது. ஆட்காட்டி கூடு கட்டுகிற ஜாதி இல்லை. வெறுந்தரையில், கல்லோடு கல்லாக முட்டையிடும். முட்டையும் கல்லும் ஒரே நிறம். சில நேரம் அதற்கே தன் முட்டையைத் தேட வேண்டி வரும்.

யாரைக் கண்டாலும் கத்துவது அதன் பிறவிக் குணம். எருமை வந்தாலும் கத்தும். ஆமை வந்தாலும் கத்தும். சருகு பறந்தாலும் கத்தும். சிறுத்தை வந்தாலும் அதே கத்தல்தான்.

ஒரு நாள் முயல் அதனிடம் வந்து மனசு விட்டுச் சொல்லியது. "அக்கா, நீ கத்துறதைக் கேட்டா எனக்குப் பயம் கூடுது. ஆனா எதுக்குப் பயப்படணும்னுதான் தெரியலை."

ஆட்காட்டிக்கு ரோஷம் வந்துவிட்டது. குளத்தைப் பகலும் இரவும் பார்த்துக்கொண்டிருப்பது தான் ஒருத்திதான். காடு முழுவதும் கேட்கிற தொண்டை தனக்குத்தான் இருக்கிறது. வெறும் கத்தலாக இல்லாமல் இனிமேல் முறையாகச் செய்தி சொல்வது என்று அது முடிவு செய்தது. யோசனை கேட்க ஓணானிடம் போயிற்று.

யோசனை கேட்க ஓணானை விட நல்ல ஆள் கிடையாது. எதைச் சொன்னாலும் தலையாட்டும்.

முதலில் வணக்கம் சொல்லலாமா என்று ஆட்காட்டி கேட்டது. ஓணான் தலையாட்டியது. பிறகு காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்த மரத்தில் பழம் பழுத்திருக்கிறது, மயில் வீட்டில் என்ன சண்டை, எல்லாம் சொல்லலாமா? அதற்கும் தலையாட்டியது. சிறுத்தை இருக்கும் இடத்தை முதலிலேயே சொல்லிவிட்டால் கேட்டுவிட்டு எல்லாரும் போய்விடுவார்களே, அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாமா? ஓணான் தலை விழுந்துவிடும்போல ஆட்டியது.

மறுநாள் சாயங்காலமே 'குளக்கரைச் செய்தி' தொடங்கிவிட்டது. காட்டில் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். ஆட்காட்டிக்குத் தலைகால் புரியவில்லை. தன் வீட்டு விசேஷத்தையும் நடுவில் சேர்த்துக்கொண்டது. "நாவல் மரத்துக்குக் கீழே, கூழாங்கல்லுக்கு நடுவுல, நான் முட்டையிட்டிருக்கேன்!" என்று அறிவித்தது. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்.

ஆனால் மயில் வீட்டுச் சண்டை முடிந்து சிறுத்தைச் செய்தி வருவதற்குள் நன்றாக இருட்டிவிடும். இருட்டில் யார் குளத்துக்குப் போவது? காடு முழுவதும் செய்தி கேட்டுவிட்டுத் தாகத்தோடு படுத்தது.

இன்னொன்றையும் யாரும் யோசிக்கவில்லை. நாணலுக்குள் படுத்திருந்த சிறுத்தைக்கும் காது இருந்தது.

செய்தி நீளம் என்று பேச்சு வந்ததும் ஆட்காட்டி மறுபடி ஓணானிடம் ஓடியது. சுருக்கிவிடலாம் என்று இரண்டும் சேர்ந்து தீர்மானித்தன. வணக்கம் வேண்டாம், மயிலும் வேண்டாம். ஒரே சொல்லில் முடித்துவிட வேண்டும். சிறுத்தை வெளியே தெரிந்தால், "இருக்கு." எங்கேயாவது தொலைவில் போய்விட்டால், "இல்லை." கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் நாணல் லேசாக அசைகிறது, எந்த நேரமும் சிறுத்தை வரலாம் என்று தோன்றினால், "வரலாம்."

"இதைவிடச் சுருக்கமா யாரால சொல்ல முடியும்!" என்றது ஆட்காட்டி.

ஓணான் தலையாட்டியது. கேட்கப்போகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமே என்று இரண்டுக்கும் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் நாணல் லேசாக அசைந்தது. ஆட்காட்டி கழுத்தை நீட்டிப் பார்த்தது. ஒன்றும் தெரியவில்லை. பலமான குரலில், "வரலாம்! வரலாம்!" என்று சொல்லியது.

காட்டிலேயே நீளமான காது முயலுக்குத்தான். அதுதான் முதலில் கேட்டது. கேட்டதும் அதன் முகம் மலர்ந்தது. வரலாமாம்! துள்ளிக் குதித்துக் குளத்தை நோக்கி ஓடியது. மருதியும் கேட்டது. குட்டியை முட்டி எழுப்பி, முன்னால் விட்டு, பின்னாலேயே நடந்தது.

முயல் தண்ணீரில் வாய் வைத்தது. நாணல் பிளந்தது. அவ்வளவுதான். கத்தக்கூட அதற்கு நேரம் இல்லை.

மருதி அப்போதுதான் நாவல் மரத்தடிக்கு வந்திருந்தது. குட்டியைத் திருப்பி விரட்டிக்கொண்டு, முள்ளும் கல்லும் பாராமல் ஓடியது. புதருக்குள் வந்துதான் நின்றது. குட்டி நாக்கைத் தொங்கவிட்டபடி படுத்துவிட்டது. தண்ணீர் இருந்த இடம் வரை போய், ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

பாவம் அந்த முயல். காது கேட்காமல் சாகவில்லை. நன்றாகக் கேட்டதால்தான் செத்தது.

மறுநாள் காலை ஆட்காட்டி மருதியைத் தேடி வந்தது. எச்சரித்தும் ஏன் வந்தீர்கள் என்று கோபமாகக் கேட்டது.

"நீ என்ன சொன்னே?" என்றது மருதி.

"வரலாம்னு சொன்னேன்."

"நானும் அதைத்தான் கேட்டேன், அக்கா. வரலாம்னு சொன்னே, வந்தோம்."

ஆட்காட்டிக்கு அப்போதுதான் உறைத்தது. சிறுத்தை வரலாம் என்று அது சொன்னது, நீங்கள் வரலாம் என்று போய்ச் சேர்ந்திருக்கிறது. முயல் கடைசியாகத் துள்ளிக் குதித்து வந்தது அதன் கண்ணுக்குள்ளேயே நின்றது. அழுகை வந்தது. பிறகு, இத்தனை நாளில் கேட்காத ஒன்றை அது கேட்டது.

"மருதி, உனக்கு என்ன தெரியணும்?"

மருதி குட்டியைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லியது. "சிறுத்தை எங்க தூங்குது, எப்ப எழுந்திருக்குது, அதெல்லாம் எனக்கு எதுக்கு? தண்ணியில வாய் வச்சா எனக்குக் கண்ணு தெரியாது, அக்கா. குனிஞ்ச தலையோடதான் நாங்க சாகிறோம். அந்த நேரத்துல இன்னும் குடிக்கலாமா, தலையைத் தூக்கி ஓடணுமா? எனக்கு இது ஒண்ணு தெரிஞ்சா போதும்."

"ஓடணும்னா கத்திடறேன்."

"நீ கத்தறதுக்கு முன்னாடி அது உன்னையே அடிச்சிட்டா? அப்ப யாரு கத்துவா?"

ஆட்காட்டியின் இறகெல்லாம் சிலிர்த்தது. அப்படி ஒன்று நடக்கும் என்று அது நினைத்துப் பார்த்ததே இல்லை.

மருதி மெதுவாகச் சொல்லியது. "பயம் இல்லாத வரைக்கும் பேசு. பயம் வந்தா வாயை மூடு. சத்தம் நின்னா நாங்க ஓடிடறோம். நீ செத்தாலும் அந்தச் செய்தி எங்களுக்கு வந்து சேர்ந்துடும்."

என்ன சொல்லிப் பேசுவது என்று ஆட்காட்டி கேட்டது.

"நான் என் குட்டிகிட்ட சொல்றதையே சொல்லு. குடி, குடின்னு சொல்லு. அது யாருக்கும் விளங்கும்."

இப்படித்தான் அந்த யோசனை பிறந்தது. கேட்க எவ்வளவு எளிதாக இருக்கிறது! ஆனால் பயந்தால் கத்துகிற பிறவியைப் பயந்தால் வாயை மூடு என்று சொன்னால் அது என்ன செய்யும்? ஆட்காட்டி பகல் முழுவதும் பழகிப் பார்த்தது. சருகு பறந்தது, கத்திவிட்டது. ஆமை வந்தது, கத்திவிட்டது. அலகைக் கல்லில் தேய்த்துத் தேய்த்து மறுபடி பழகியது. மருதி இந்தப் புது ஏற்பாட்டைக் காடு முழுவதும் சொல்லி வைத்தது.

வெயில் சாய்ந்தது. குட்டியால் இனி ஒரு நாளும் தாங்க முடியாது. மருதி அதைக் கூட்டிக்கொண்டு கரைக்கு வந்தது. பின்னால் மற்ற மான்களும் ஒரு காட்டுப்பன்றியும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு வந்தன.

"குடி, குடி, குடி," என்று ஆட்காட்டி தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தது.

குட்டி தண்ணீரில் வாயை வைத்தது. மருதி குடிக்கவில்லை. காதை மட்டும் விறைத்துக்கொண்டு நின்றது.

"குடி, குடி, குடி."

அப்போது ஆட்காட்டிக்குப் பின்னால் சூடாக ஒரு மூச்சு பட்டது.

"நிறுத்தாதே," என்று சிறுத்தை கிசுகிசுத்தது. அது நாணலை விட்டு எப்போதோ வெளியேறி, நாவல் மரத்தைச் சுற்றிக்கொண்டு, கூழாங்கல் பக்கம் வந்து பதுங்கியிருந்தது. "நாவல் மரத்துக்குக் கீழே, கூழாங்கல்லுக்கு நடுவில். நீதானே சொன்னாய்? முட்டைகள் என் காலுக்குக் கீழேதான் எங்கேயோ இருக்கின்றன. சொல்லிக்கொண்டே இரு. குட்டி நன்றாகக் குடிக்கட்டும். நிறுத்தினாயானால் ஒரு முட்டையும் மிஞ்சாது."

ஆட்காட்டி "குடி," என்றது. பக்கத்துக் கல்லின் மேல் இருந்த ஓணானைப் பார்த்தது. ஓணான் பயத்தில் வேகவேகமாகத் தலையாட்டியது. சொல்லு, சொல்லு என்பதுபோல ஆட்டியது.

"குடி," என்றது ஆட்காட்டி மறுபடியும். தண்ணீரில் வாய் வைத்திருந்த குட்டியின் முதுகுப் புள்ளிகள் அதற்கு நன்றாகத் தெரிந்தன. தன் சொல்லை நம்பித்தான் அது குனிந்திருக்கிறது. நேற்று முயலும் நம்பித்தான் வந்தது.

தொண்டைக்குள் அலறல் முட்டிக்கொண்டு வந்தது. ஆட்காட்டி அதை விழுங்கியது.

வாயை மூடியது.

குளத்தங்கரையில் ஒரு சத்தமும் இல்லை. அடுத்த கணமே மருதி குட்டியை இடித்துக் கரையேற்றியது. எல்லாக் குளம்புகளும் ஒன்றாகப் புழுதியைக் கிளப்பின. சிறுத்தை பாய்ந்தது. அது வந்து விழுந்த இடத்தில் சேறுதான் இருந்தது.

அதற்குள் ஆட்காட்டி மேலே பறந்துவிட்டது. சிறுத்தை சேறு சொட்டத் திரும்பி வந்தது. சொன்னதைச் செய்தது. கூழாங்கற்களை வெறிபிடித்த மாதிரி மிதித்தது. ஆனால் வெளிச்சம் மங்கிவிட்டது. கல் எது, முட்டை எது என்று அதற்குத் தெரியவில்லை. கண்டபடி மிதித்துவிட்டு, உறுமிக்கொண்டு நாணலுக்குள் போய்விட்டது.

ஆட்காட்டி இறங்கி வந்து தேடியது. பாதி முட்டைகள் உடைந்திருந்தன. மீதி கல்லோடு கல்லாகக் கிடந்தன. உடைந்தவற்றைப் பார்த்து அது அழுதது. பிறகு மீந்தவற்றின் மேல் இறகை விரித்து உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் சாயங்காலமும் எல்லாரும் வந்தார்கள். அதற்கு மறுநாளும் வந்தார்கள். சிறுத்தை அங்கேயேதான் இருந்தது. பயமும் போகவில்லை. ஆனால் தாகம் போயிற்று. மருதியின் மடியில் பால் ஊறியது. குட்டியின் மூக்கில் ஈரம் வந்தது.

சில நாள் போனதும் ஓணானுக்குப் பழைய ஆசை வந்துவிட்டது. "அக்கா, இப்ப காடு மொத்தமும் உன் வாயைத்தான் பார்த்துக்கிட்டிருக்கு. நடுநடுவுல காத்து எந்தப் பக்கம்னு சொல்லலாமே. மயில் வீட்டுல வேற புதுசா ஒரு சண்டையாம்," என்று காதோரம் சொல்லியது.

சொல்லலாமோ என்று ஆட்காட்டி ஒரே ஒரு கணம் யோசித்தது. யோசித்ததில் "குடி" என்று சொல்ல மறந்துவிட்டது.

தடதடவென்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் கரையில் ஒருவரும் இல்லை. எருமைகூட ஓடிவிட்டது. ஆமை மட்டும் ஓட முயற்சி செய்துகொண்டிருந்தது.

இத்தனை உயிர்களும் தன் ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருப்பது ஆட்காட்டிக்கு அப்போது விளங்கியது. "குடி, குடி, குடி," என்று அவசரமாகத் தொடங்கியது. புதர்கள் அசைந்தன. ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். கடைசியில் மருதியும் குட்டியும் வந்து தலையைக் குனிந்து தண்ணீரில் வாய் வைத்தார்கள்.

ஓணான் வழக்கம்போலத் தலையாட்டியது. அதை யாரும் பார்க்கவில்லை.

கேட்கிறவருக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்டு, அதை மட்டும் அவருக்கு விளங்கும் சொல்லில் சொல்வதுதான் செய்தி. மற்றதெல்லாம் வெறும் சத்தம்.