விதைப்பெட்டியைத் திருடிய அந்துவன்

கேளுங்கள் சின்னவர்களே, கேளுங்கள் பெரியவர்களே! ஊருக்கு ஓர் அரசரும் ஆற்றுக்கு ஓர் ஓடமும் இருந்த காலம் அது. மருதந்துறை என்ற ஊரில் அந்துவன் என்று ஒரு திருடன் இருந்தான்.

அவன் காலடி பூனைக்குக் கேட்காது. அவன் மூச்சு பக்கத்தில் நிற்பவனுக்கு எட்டாது. அவன் கை மடியைத் தொட்டால் மடிக்குத் தெரியாது. பகலில் ஓலை விசிறி விற்பான். அவன்தான் திருடன் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அப்பேர்ப்பட்ட திருடன்!

ஒரு மழைக்காலத்தில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தது. ஆட்கள் மேட்டுக்கு ஓடிப் பிழைத்தார்கள். ஆனால் வீட்டுக் கொல்லைகள் பிழைக்கவில்லை. கத்தரிப் பாத்தி போயிற்று, பாகல் பந்தலோடு போயிற்று, துளசி மாடத்தோடு போயிற்று. அடுத்த பருவத்துக்கென்று எடுத்து வைத்த விதைகள்கூடப் பானைக்குள்ளேயே ஊறி அழுகிவிட்டன.

வண்டி கட்டி ஊர் ஊராக வாணிபம் செய்யும் தத்தை என்ற பெண்ணிடம் ஊரார் வந்தார்கள். "அம்மா, நீதான் நாலு ஊர் அறிந்தவள். எங்கிருந்தாவது விதை கொண்டு வா" என்றார்கள்.

தத்தை புறப்பட்டாள். மலைநாட்டுக்குப் போனாள், கடற்கரைக்குப் போனாள், வறண்ட வடபுலத்துக்கும் போனாள். ஒரு மரப்பெட்டி நிறைய விதையோடு திரும்பினாள்.

ஓடத்தில் வரும்போது பெட்டியை மடியை விட்டு இறக்கவில்லை. வெயில் பட்டால் முந்தானையால் மூடினாள், தண்ணீர் தெறித்தால் நெஞ்சோடு அணைத்தாள். எதிரே உட்கார்ந்திருந்த அந்துவனுக்குக் கண் மின்னியது. உள்ளே முத்தா? மாணிக்கமா? கட்டிப் பொன்னா?

ஓடம் துறையில் முட்டியது. தத்தை பெட்டியைப் படிக்கட்டில் வைத்துவிட்டு, குனிந்து முகம் கழுவினாள். நிமிர்ந்தாள். பெட்டி இல்லை!

அந்துவன் பனங்காட்டுக்குள் ஓடி, இடிந்துபோன ஒரு சத்திரத்தில் போய் விழுந்தான். பெட்டியைத் திறந்தான். துணி முடிச்சுகள், மூங்கில் குழாய்கள். அவிழ்த்தான். கடுகு போல ஒன்று, தட்டையாக ஒன்று, உருண்டையாக ஒன்று. கடித்துப் பார்த்தான். கசப்பு! பாகல் விதை!

"விதையா? வெறும் விதையையா குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்?" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

ஊருக்குள் காவலர்கள் தெருத்தெருவாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச காலம் தலை காட்ட முடியாது. சும்மா இருப்பதற்கு விதைத்துப் பார்க்கலாம், முளைத்தால் குழம்புக்காவது ஆகும் என்று நினைத்தான்.

முதல் தடவை, கைநிறைய அள்ளி வீசினான். எறும்பு பாதியை இழுத்துப் போயிற்று, குருவி மீதியைக் கொத்திப் போயிற்று.

இரண்டாம் தடவை, சுவரில் கன்னம் வைக்கும் கோலால் முழங்கை ஆழம் தோண்டிப் புதைத்தான். காலையில் ஒரு குடம், மதியம் ஒரு குடம், மாலையில் ஒரு குடம் என்று ஊற்றினான். பொறுக்காமல் தோண்டிப் பார்த்தபோது எல்லாம் கூழாகிக் கிடந்தன.

பெட்டியில் கொஞ்சம்தான் மிச்சம். கோபத்தோடு மூலையில் போய் உட்கார்ந்தவன், எதையோ பார்த்து எழுந்தான். அங்கே ஓர் உடைந்த ஓட்டில் காற்று சேர்த்த மண் இருந்தது. அவன் வீசியபோது சிதறிய அவரை விதை ஒன்று அதில் விழுந்திருந்தது. கூரையிலிருந்து பனி சொட்டுச் சொட்டாக அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. அந்த அவரை, மண்ணைப் பிளந்துகொண்டு, கூன் முதுகை நிமிர்த்திக்கொண்டு, பச்சைப் பசேலென்று எழுந்து நின்றது!

அந்துவனுக்குப் புரிந்துவிட்டது. ஆழம் வேண்டாம். வெள்ளம் வேண்டாம். அவசரம் வேண்டாம்.

மூன்றாம் தடவை, கொட்டாங்கச்சிகளைப் பொறுக்கி அடியில் துளை போட்டான். மண்ணையும் மக்கிய சாணத்தையும் விரலால் உதிர்த்து நிரப்பினான். பாகல், புடல், அவரை, சங்குப்பூ விதைகளை ஊறவைத்து விரல்நுனி ஆழத்தில் வைத்தான். கொத்தமல்லியை இரண்டாக உடைத்துப் போட்டான். கத்தரியைத் தூவி மெல்லிசாக மண் மூடினான். துளசியையும் காசித்தும்பையையும் மேலாகத் தூவி, மண் போடாமல் மெல்ல அழுத்திவிட்டான். எறும்புக்குச் சுற்றிலும் சாம்பல் கோடு போட்டான். தண்ணீரை ஊற்றவில்லை, தெளித்தான். விதைக்கே தெரியாமல் தெளித்தான். அந்தக் கையல்லவா!

அப்புறம் ஒரு காலையில் பார்த்தால், கத்தரி வந்துவிட்டது! மறுநாள் கொத்தமல்லி! அதற்கடுத்துத் துளசி, தூசி அளவு இலையோடு! காசித்தும்பை! தொப்பி மாதிரி விதைத்தோலைத் தலையில் சுமந்துகொண்டு பாகல்! அந்துவன் சத்திரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினான். "வந்துட்டான்! வந்துட்டான்!" என்று கத்தினான்.

கத்தியபிறகுதான் உறைத்தது. யாரிடம் சொல்வது? முத்துமாலை திருடியபோதுகூட யாரிடமும் சொல்லத் தோன்றியதில்லை. இன்றைக்கு நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது.

பொறுக்க முடியாமல் விசிறிக் கட்டைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனான். சந்தையில் ஒரு கீரைக்கட்டு இல்லை, ஒரு முழம் பூ இல்லை.

"எல்லாம் அந்தத் தத்தையால் வந்தது" என்றாள் மோர் விற்பவள். "விதையை வேற்றூரில் விற்றுவிட்டு, திருட்டுப் போனதாகக் கதை கட்டுகிறாள். நாளைக்கு அரசர் அவளை ஊரை விட்டே அனுப்பப் போகிறாராம்."

அந்துவன் கையிலிருந்த விசிறிகள் கீழே விழுந்தன.

தத்தையின் வாசலில் பெட்டியை வைத்துவிட்டு ஓடிவிடலாமா? வெறும் பெட்டியைப் பார்த்தால், ஒளித்து வைத்ததே அவள்தான் என்பார்கள். நாற்றுகளையும் சேர்த்து வைத்தால்? களவாக வளர்த்தாள் என்பார்கள். எப்படி எண்ணினாலும் ஒரே ஒரு வழிதான் இருந்தது. அந்த வழியில் அவன் தானே நடந்து போக வேண்டும்.

மறுநாள் காவடித் தண்டின் இருபுறமும் கூடை கட்டி, கூடை நிறைய நாற்றோடு அரசவைக்குள் நுழைந்தான் அந்துவன். அங்கே அரசர் முன் தத்தையும் ஊராரும் நின்றிருந்தார்கள்.

"அரசே, பெட்டியைத் திருடியவன் நான். இந்த அம்மா சொன்னது உண்மை."

அரசர் நம்பவில்லை. "இவள் ஏவிவிட்ட பொய்ச்சாட்சியோ நீ? தத்தை வெளியே போகட்டும். நீ சொல், பெட்டிக்குள் எது எப்படி இருந்தது?"

"கத்தரி விதை மஞ்சள் துணியில் இருந்தது. துளசி விதை மூங்கில் குழாயில். பாகல் விதை சாம்பலில் புரட்டி, அடித்தட்டில். பெட்டி மூட முடியாத அளவுக்கு நிறைந்திருந்தது."

அவனை வெளியே அனுப்பித் தத்தையைக் கேட்டார்கள். மஞ்சள் துணி, மூங்கில் குழாய், சாம்பல் என்று அவளும் அப்படியே சொன்னாள். பழி சொன்ன ஊரார் தலை குனிந்தார்கள்.

"நிறைந்திருந்ததில் மீதி எங்கே?" என்று அரசர் அவனைத் திரும்ப அழைத்துக் கேட்டார்.

"என் மடத்தனத்தால் அழித்தேன், அரசே. இவ்வளவுதான் பிழைத்தது."

தத்தை கோபமாக அவனை நோக்கி நடந்தாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கூடைக்கு அருகே வந்ததும் நின்றாள். குனிந்தாள்.

"இது துளசியா? அந்தப் பொடி விதையை எப்படியப்பா முளைக்க வைத்தாய்?"

"மண் போட்டு மூடக் கூடாதம்மா! தூவிவிட்டு இப்படி ஓர் அழுத்து, அவ்வளவுதான்!"

"தண்ணீர்?"

"தெளிக்கணும்! பனி விழுகிற மாதிரி!"

"அட, பாகலைப் பார்! என்ன தண்டு, என்ன தண்டு!"

இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அரசர் ஒருமுறை கனைத்தார், இருமுறை கனைத்தார், மூன்றாம் முறை சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்து தாமும் குனிந்து பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்:

"இவன் காலுக்கு விலங்கு போடுங்கள். கையைக் கட்டாதீர்கள். இந்த நாற்றுகள் காய்க்கட்டும், பூக்கட்டும், விதை விடட்டும். அந்த விதையைக் கொண்டு ஊரில் ஒவ்வொரு கொல்லையும் இவன் பச்சையாக்க வேண்டும். கடைசிக் கொல்லை முளைக்கும் நாளில் இவனுக்கு விடுதலை."

விலங்கு கலகலக்க அந்துவன் வீடு வீடாகப் போனான். தத்தை விதை பிரித்துக் கொடுத்தாள், அவன் முளைக்க வைத்தான். ஒரு தெருவில் அவரை ஏறியது. அடுத்த தெருவில் கத்தரி நீலமாகப் பூத்தது. வேலிதோறும் சங்குப்பூ படர்ந்தது. சந்தையில் கீரை விலைகூறும் சத்தம் மறுபடி கேட்டது.

கடைசி வீடு, ஊர்க்கோடியில் மோர் விற்பவளின் வீடு. விடியற்காலையில் கொல்லனையும் அழைத்துக்கொண்டு காவலர் வந்தார்.

"அந்துவா, எழுந்திரு! உன் தண்டனை முடிந்தது. விலங்கை வெட்டுகிறோம், காலை நீட்டு!"

"சத்தம் போடாதீர்கள் ஐயா!" என்றான் அந்துவன், தரையோடு தரையாகக் குப்புறப் படுத்தபடி. "புடல் மண்ணைத் தூக்குகிறது! வாருங்கள், வந்து பாருங்கள்!"

காவலர் மண்டியிட்டார். மோர் விற்பவள் மண்டியிட்டாள். கொல்லன் மட்டும் பின்னால் போய் அவன் காலைப் பிடித்து விலங்கை வெட்டினான். டங்கென்று இரும்பு தரையில் விழுந்தது. அந்துவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிறர் பொருளைப் பறித்து வைத்துக்கொள்வதில் கிடைக்காத மகிழ்ச்சி, ஒன்றை வளர்த்துப் பிறருக்குக் கொடுப்பதில் கிடைக்கும் என்பதே இந்தக் கதை சொல்லும் நீதி.