நூறு மயில்களும் ஒரு திரையும்

முன்னொரு காலத்தில் கணினி ஏது என்று கேட்காதீர்கள். இந்த நாட்டில் இருந்தது, அதுவும் ஒன்றல்ல, நூறு! மன்னர் இளந்திரையர் மழை ஆராய்ச்சிக்காக நூறு கணினிகளை ஒரே கூடத்தில் இணைத்து வைத்திருந்தார். அவற்றுக்கு எந்த இயங்குதளத்தைப் போடுவது என்பதுதான் அன்றைய சபையில் ஒரே பேச்சு.

“என் மயில் இயங்குதளத்தைப் பாருங்கள்!” என்று அமைச்சர் செண்டலங்காரர் தம் மடிக்கணினியைத் திறந்தார். அடடா, திரையில் ஒரு மயில் தோகை விரித்து ஆடியது! நாழிகைக்கு ஒருமுறை ஆட்டத்தை நிறுத்தி, “மன்னர் வாழ்க! வேலையைத் தொடரலாமா?” என்று கேட்டது. யாராவது ‘ஆம்’ தட்டினால்தான் மேற்கொண்டு நகரும். மன்னருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஆராய்ச்சித் தலைவி பூங்கோதையார் பதறி எழுந்தார். “மன்னா, ஆறு நாளில் புயல் வருகிறது. அணையின் எந்த மதகை எப்போது திறப்பது என்று அறிய இந்தக் கணினிகள் மூன்று நாள் நிற்காமல் ஓட வேண்டும். கறுப்புத் திரையில் வெறும் எழுத்து மட்டும் வரும் எளிய இயங்குதளமே போதும். கணக்குத் தவறினால் ஆற்றோரத்து ஊர்கள் மூழ்கிவிடும்!”

“கறுப்பா? அபசகுனம்!” என்றார் அமைச்சர்.

விகடகவி கூத்தபிரான் களுக்கென்று சிரித்துவிட்டான். அவன்மேல் அமைச்சருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். “சிரித்தவரே நிறுவட்டும், மன்னா. நாளைக் காலைக்குள் நூறு கணினியிலும் மயில் ஆட வேண்டும். ஒன்றில் ஆடாவிட்டாலும் நாடு கடத்துங்கள்!”

“அப்படியே ஆகட்டும்” என்றார் மன்னர். கூத்தபிரானுக்குக் கணினியைத் தொடவே தெரியாது என்று அமைச்சருக்கு உள்ளூரக் குஷி. அவனோ பூங்கோதையாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சொன்னதைச் சொன்னபடியே செய்து முடித்தான்.

காலையில் மன்னர் அமைச்சரையும் அழைத்துக்கொண்டு ஆவலோடு கூடத்துக்குள் நுழைந்தார். பனிக்கட்டிக் குளிர், காதைத் துளைக்கும் மின்விசிறி இரைச்சல், வரிசை வரிசையாக இரும்புப் பெட்டிகள்! ஒன்றிலும் திரை இல்லை.

“மயில் எங்கே?”

“நூறும் உள்ளே ஆடுகின்றன, மன்னா” என்றான் கூத்தபிரான். “ ஆராய்ச்சிக் கணினிகளுக்குத் தனித்தனித் திரை கிடையாது. ஆட வேண்டும் என்பதுதானே ஆணை? இதோ, தள்ளுவண்டியில் ஒரு திரை. எந்தப் பெட்டியில் செருகினாலும் தரிசனம் கிடைக்கும்.”

அப்போது நூறு பெட்டிகளின் பச்சை விளக்குகளும் ஒரே சமயத்தில் மஞ்சளாயின. கூத்தபிரான் கைகூப்பினான். “தொடரலாமா என்று கேட்கின்றன. மயிலின் அருமை தெரிந்தவர் அமைச்சர்தான். அவரே ‘ஆம்’ தட்டட்டும்!”

மன்னர் கண்ணைக் காட்டினார். செண்டலங்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினார். செருகினார், தட்டினார், பிடுங்கினார், அடுத்ததற்கு ஓடினார். முப்பதாவது பெட்டிக்கு மூச்சிரைக்க வந்தபோது முதல் பெட்டி மறுபடி மஞ்சளானது! “இப்படியே மூன்று நாள், அமைச்சரே!” என்றான் கூத்தபிரான்.

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் ஆற்றோரத்து ஊர்களை நினைத்து அவர் முகம் வாடியது. “பூங்கோதையாரே, வேலை செய்யப் போவது நீங்கள். உங்களையல்லவா நான் கேட்டிருக்க வேண்டும்! இப்போதே அந்த எளிய இயங்குதளத்துக்கு மாற்றுங்கள்.”

அன்று மாலையே கணக்கு ஓடத் தொடங்கியது. நான்காம் நாள் மதகுகள் திறந்தன. புயல் வந்தது, வெள்ளமும் வந்தது, ஒரு குடிசைகூட மூழ்கவில்லை!

அதெல்லாம் பிறகு. அன்று காலை அந்தக் கூடத்தில் மன்னர் முத்துமாலையைக் கழற்றி நீட்டியபோது, கூத்தபிரான் பல் கிட்டக் கெஞ்சினான்: “மாலை இருக்கட்டும், மன்னா. முதலில் உங்கள் தோளிலுள்ள சால்வையைக் கொடுங்கள், குளிர் உயிர் போகிறது!”

மன்னர் மறுபடி வெடித்துச் சிரித்தபடி இரண்டையும் அவன்மேல் போர்த்தினார்.