பின் ஜன்னல் மருந்து

குமாரதாஸ் ஆசானின் வைத்தியசாலைக்கு இரண்டு வழி. காய்ச்சல், முழங்கால் வலிக்கெல்லாம் முன்வாசல். ஆண்களின் அந்தரங்கக் குறைக்கு மட்டும் பின் ஜன்னல். அங்கே நின்று தயங்கி ஒரு வார்த்தை சொன்னால் போதும். கேள்வி கிடையாது, நாடி பார்ப்பது கிடையாது. லேகியம் பொதிந்து கையில் வந்துவிடும். ஆசானின் அப்பா காலத்து மரியாதை அது.

ஆசானுக்கு நாற்பது வயது. சீடர் வேலப்பன் அவரைவிட மூத்தவர். போஸ்ட் ஆபீஸ் வேலையில் ஓய்வு பெற்ற கையோடு வைத்தியம் படிக்க வந்தவர். ஆசான் வெளியூர் போகும் நாட்களில் ஜன்னல் அவர் பொறுப்பு. பிறர் மானத்தைக் காப்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்று ஜன்னலில் ஜஸ்டஸ் நின்றார். மலையில் ரப்பர் பால் வெட்டுபவர்.

"மூணு மாசமாட்டு வீட்டுல ஒண்ணும் சரியாவல்ல."

"எல்லாம் மனசுல உள்ள பயந்தான்," என்று வேலப்பன் லேகியத்தை நீட்டினார்.

வெளியூரிலிருந்து அப்போதுதான் திரும்பிய ஆசான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ள வாங்க ஜஸ்டஸ். கூட யாரு?"

"வீட்டுக்காரி. எனக்கு முதுகுவலின்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்."

"அவங்களும் வரட்டுமா?"

ஜஸ்டஸ் தரையைப் பார்த்தபடி சரி என்று தலையாட்டினார். வேலப்பனுக்கு உடம்பே கூசியது.

ஆசான் அவரைப் படுக்கவைத்துப் பாதத்தின் மேல் விரல் வைத்தார்.

"மேட்டுல ஏறும்போ கெண்டைக்கால் புடிக்குமா?"

"புடிக்கும். நின்னா விட்டுரும்."

"பீடி?"

"வாயில இருந்து இறங்காது," என்றாள் மனைவி ரோஸ்லெட்.

"வேலப்பண்ணே, இங்க தொட்டுப் பாருங்க."

வேலப்பன் தொட்டார். அழுத்தியும் பார்த்தார். நாடித் துடிப்பே தெரியவில்லை.

"ரத்தக் குழாய் அடைச்சிட்டு வருது. ரத்தம் போய்ச் சேரல்ல, அவ்வளவுதான். பீடிய இன்னைக்கே விடணும். நாளைக்கே இதய டாக்டரப் பாருங்க."

ரோஸ்லெட் அழுதுவிட்டாள். "வேற எங்கயோ போறாருன்னு நெனச்சேன் ஆசானே. முகங்குடுத்துப் பேசியே நாளாச்சு."

இருவரும் போன பிறகு வேலப்பன் பொரிந்து தள்ளினார்.

"மறைச்சு வெக்கத்தான மனுசன் ஜன்னலுக்கு வந்தாரு? நெஞ்சு வலிக்குன்னு ஒரு வார்த்த சொன்னாரா?"

"இப்ப வலிக்காது அண்ணே. நெஞ்சுக்குப் போற குழாய் பெருசு, அடைய நாளாவும். அந்த இடத்துக்குப் போறது சின்னது, முந்தி அடைச்சிரும். நெஞ்சுக்கு என்ன வரப்போவுதுன்னு அது முன்கூட்டியே வந்து சொல்லுது. நீங்க அதுக்கு வாய் நெறய லேகியம் குடுத்து அனுப்பப் பாத்தீங்க."

வேலப்பன் கையில் இருந்த பொதியைக் கீழே வைத்தார்.

"அப்போ, இதுவரை வாங்கிட்டுப் போனவங்க?"

"எல்லாருக்கும் இதுவா இருக்காது. ஆனாலும் எனக்குப் பயமாத்தான் இருக்கு. நான் இல்லாதப்ப வந்தது யாரு யாருன்னு சொல்லுங்க, வீடு வீடாப் போய்ப் பாத்துட்டு வருவோம்."

வேலப்பன் யாரிடமும் பேர்கூடக் கேட்டதில்லை.